தம்பியின் முகவரி

அந்தப் பாரத்தில் உடன்பிறந்தவர்களுக்கென்று தனியாக ஒரு பக்கம் இருந்தது. பெயர், அடையாள அட்டையான ஐசியின் நம்பர், வேலை, முகவரி, கடைசியாகப் பேசிய தேதி. மற்ற பக்கங்களையெல்லாம் ஒரே மாலையில் நிரப்பிவிட்டேன். இந்தப் பக்கத்தை மூன்று நாள் திறந்து திறந்து மூடினேன்.

எனக்குச் சுபாங் ஜெயாவில் வேலை. அலுவலகங்களுக்கு சர்வர் அறை அமைத்துக் கொடுத்துப் பராமரிக்கிற கம்பெனி. கேபிள் இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள், பதினான்கு வருடத்தில் அறையையே வரைந்து கொடுக்கிற அளவுக்கு வந்திருந்தேன். அந்த வருடம் புத்ராஜெயாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் வேலை எங்களுக்குக் கிடைத்தது. எந்த அலமாரியில் எந்த இயந்திரம், எந்தக் கேபிள் எந்த வழியாகப் போகும் என்று அத்தனையும் நான் போட்ட திட்டம். எங்கள் முதலாளி ஒரு சீனர், அதிகம் பேசாதவர். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னைக் காட்டி, "இந்த வேலைக்கு இவர்தான் லீடர்" என்று சொன்னார். சம்பளமும் கூடும் என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அந்த அறைக்குள் போகிற ஒவ்வொருவரும் அரசாங்கத்தின் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். மலாயில் அதற்குத் 'தாப்பிசான்' என்று பெயர். வடிகட்டுவது என்று அர்த்தம். எங்கள் கம்பெனியிலிருந்து ஆறு பேருக்குப் பாரம் வந்தது.

மனிதவளப் பிரிவில் இருந்தவள் நம்ம தமிழ்ப் பொண்ணு, என்னைவிடப் பத்து வயது சின்னவள். மூன்றாவது நாளும் நான் பாரத்தை அனுப்பவில்லை என்றதும் மேசைக்கே வந்துவிட்டாள்.

"என்னக்கா, எங்க மாட்டிக்கிட்டீங்க?"

சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி பேர போடாதீங்க லா. ஒரே பொண்ணுன்னு போட்டுடுங்க. யாரு போய் பாக்கப் போறா?"

"பொய்யாச்சே."

"பொய் இல்லக்கா. நீங்கதான் பேசறதே இல்லன்னு சொன்னீங்களே."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று ஒரு திமிர் இருந்தது. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, எதற்கு மறைக்க வேண்டும் என்ற திமிர். எல்லாவற்றையும் எழுதினேன்.

நடந்தது இதுதான். என் தம்பி என்னைவிட இரண்டு வயது இளையவன். கிள்ளான் துறைமுகத்தில் கொந்தேனர் பெட்டி இழுக்கிற லோரி ஒன்றை வாங்க ஆசைப்பட்டான். பேங்க் ஜாமின் கேட்டது. எங்கள் வீட்டில் மாதச் சம்பள ரசீது இருந்தது என்னிடம் மட்டும்தான். கையெழுத்துப் போட்டேன். முதல் வருடம் லோரி நன்றாக ஓடியது. அப்புறம் சவாரி குறைந்தது, தவணை நின்றது, பேங்க் லோரியை இழுத்துக்கொண்டு போனது. ஏலம் போட்டும் அடையாத மீதி என் தலையில் விழுந்தது. என் பெயர் பிளாக்லிஸ்ட்டில் ஏறியது.

அதோடு முடிந்திருந்தால் வெறும் பணக் கஷ்டம் என்று விட்டிருப்பேன். தவணை கட்டுவதற்காக அவன் ஆலோங் என்கிற கந்துவட்டிக்காரனிடம் வாங்கியிருந்தான். வாங்கும்போது என் ஐசியின் நகலையும் கொடுத்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பக் கதவைத் திறந்தால், கதவு, கிரில், செருப்பு வைக்கிற தட்டு எல்லாம் சிவப்புச் சாயம். கிள்ளானில் நாங்கள் இருந்த பிளாட்டின் லிப்டிலும், கீழே பஸ் நிற்கிற இடத்திலும் என் ஐசிப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். கடன்காரி என்று கீழே எழுதியிருந்தது. அம்மா ஒரு வாளித் தண்ணீரும் கத்தியும் எடுத்துக்கொண்டு போய், பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில், அவர்கள் முன்னாலேயே அதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அந்த மாதம் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த வீட்டார் அதற்குப் பிறகு எங்கள் போனை எடுக்கவில்லை.

நான் போலீசில் புகார் கொடுத்தேன். அம்மாவை அழைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு ஓர் அறை பார்த்து வந்துவிட்டேன். பேங்க் கடனை மாதாமாதம் கட்டினேன். புது உடுப்பு வாங்காமல், பல் பிடுங்க வேண்டியதைக்கூடத் தள்ளிப்போட்டுக் கட்டினேன். கடைசியில் எல்லாம் தீர்ந்தது என்று பேங்க் ஒரு கடிதம் கொடுத்தது. அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். தம்பியிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். அம்மா இறந்தபோது வந்தான். கொள்ளி வைத்தான். மூன்று நாள் ஒரே வீட்டில் இருந்தும் நான் அவனிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருடம் ஓடிவிட்டது.

முகவரி என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். என்னை விசாரித்த அதிகாரி ஒரு மலாய்ப் பெண். முப்பது வயதுதான் இருக்கும். மரியாதையாக உட்காரச் சொல்லி, தண்ணீர் போத்தல் ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பேச்சு முழுவதும் மலாயில். பேங்க் கடிதத்தை நான் எடுத்து நீட்டியதும் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தார்.

"கடன் முடிந்தது தெரியும். ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?"

"தம்பி கேட்டான்."

"இன்னொரு தடவை கேட்டால்?"

"போட மாட்டேன். நாங்கள் பேசுவதே இல்லை."

"அவர் இப்போது எங்கே இருக்கிறார்?"

"தெரியாது."

"என்ன வேலை? யாரோடு பழகுகிறார்? கடன் இன்னும் இருக்கிறதா?"

"தெரியாது."

அவர் ஏதோ எழுதினார். பிறகு, வட்டிக்காரர்கள் சம்பந்தப்பட்ட ஒரு போலீஸ் புகாரில் என் பெயர் இருக்கிறது என்றார்.

"அது நான் கொடுத்த புகார்" என்றேன். "சாயம் ஊற்றினது என் வீட்டுக் கதவில்."

"புரிகிறது. ஆனால் உங்கள் பெயர் அதில் இருக்கிறது."

அவர் குரலில் கடுமை இல்லை. பொறுமையாக விளக்கவும் செய்தார். அந்த அறைக்குள் போகிறவரை வெளியிலிருந்து யாரும் மிரட்டி வேலை வாங்க முடியாமல் இருக்க வேண்டும். அதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். "உங்கள் தம்பியை வைத்து யாராவது உங்களை மிரட்டினால் என்ன செய்வீர்கள்?"

ஏற்கெனவே மிரட்டிவிட்டார்கள், நான் போலீசுக்குத்தான் போனேன் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ரயிலில் திரும்பி வரும்போது அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு வந்தேன். கேள்வி நியாயமானதுதான். அதனால்தான் அதன்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. தம்பியோடு உறவு வைத்திருந்தால் ஆபத்தான உறவு. அறுத்துவிட்டால் அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று அந்த அறையில் யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. அந்த ஆறு பேரில் ஒருவன் எனக்கு அடுத்த மேசைக்காரன். கலகலப்பானவன், காலையில் எல்லாருக்கும் தே தாரேக் டீ வாங்கி வருகிறவன். பந்தாட்டத்தில் பந்தயம் கட்டுவான். ஆபீசில் பாதிப் பேரிடம் கைமாற்று வாங்கியிருந்தான், என்னிடமும்தான். அவன் மனைவியின் தாலிக்கொடி அடகுக்கடையில் இருந்ததை அவனே ஒரு நாள் கண் கலங்கச் சொல்லியிருக்கிறான். ஆனால் பேங்க்கில் அவன் பெயரில் ஒரு கடனும் கிடையாது. கடன் எல்லாம் வாய்வார்த்தையில் நின்றது.

அவன் தன் பாரத்தில் 'தன்னை அறிந்தவர்' என்ற இடத்தில் என் பெயரைக் கொடுத்திருந்தான். ஒரு மதியம் பாதுகாப்புச் சோதனை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வேறொரு அதிகாரி, ஆண் குரல். ஆளின் குணம், பழக்கம் எல்லாம் கேட்டுவிட்டு, "பண நெருக்கடி ஏதாவது உண்டா?" என்றார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். இரண்டு பிள்ளைகள், மூத்தது முதல் வகுப்புக்குப் போக ஆரம்பித்திருந்தது.

"எனக்குத் தெரிந்து இல்லை" என்றேன்.

இரக்கப்பட்டுத்தான் சொன்னேன் என்று வெகுநாள் என்னையே நம்பவைத்தேன். காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் வேண்டாம் என்று பயந்ததும் உண்டு.

முடிவு முதலாளிக்குத்தான் வந்தது. அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஆறு பெயர், ஐந்து பேருக்கு அனுமதி. என் பெயருக்கு நேராகத் தகுதியில்லை என்று இருந்தது. காரணம் என்று ஒரு வரிகூட இல்லை.

"காரணம் சொல்ல மாட்டார்கள்" என்றார் முதலாளி. என் முகத்தைப் பார்க்காமல் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "திட்டம் உன்னுடையதுதான். உள்ளே போக மட்டும்தான் முடியாது."

அடுத்த மேசைக்காரன் லீடர் ஆனான். அன்று மாலை எல்லாருக்கும் கேக் வாங்கி வந்தான். எனக்குப் பெரிய துண்டாக வெட்டி, "அக்கா, ஒங்களுக்குக் கெடைச்சிருக்க வேண்டியது" என்று கொடுத்தான். மனசார சொன்னான் என்றுதான் நினைக்கிறேன். வாங்கிச் சாப்பிட்டேன்.

மனிதவளப் பெண்தான் மேல்முறையீடு செய்யலாம் என்று கண்டுபிடித்து வந்தாள். "தெரியாதுன்னு போட்டீங்கல்லக்கா, அதுல மாட்டியிருக்கும். தம்பி அட்ரஸ், வேலை எல்லாம் முழுசா நெரப்பி, அவர் கையாலயே ஒரு கடிதாசி வாங்கி வெச்சா சான்ஸ் இருக்கு."

சித்தியிடம் கேட்டு அவன் நம்பரை வாங்கினேன். போன் போட்டதும் எடுத்தான். "நான்தான்" என்றேன். "அக்காவா?" என்றான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போனில் சொல்ல வேண்டாம், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்போது நினைத்தேன். சொல்லியிருக்க வேண்டும்.

காப்பார் ஊர் மெயின் ரோட்டிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். தலையில் முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தான். மீன் ஏற்றுகிற இடத்துக்கு வேனில் ஐஸ் கொண்டுபோகிற வேலை என்றான். தங்கியிருப்பது ஒரு மோட்டார் ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் ஓர் அறை. கழுவி விட்டிருந்தான், தரை இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் விலைச் சீட்டு கிழிக்காமல் ஒட்டியிருந்தது. அதில் என்னை உட்காரவைத்துவிட்டு அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். மேசையில் ஆட்டுக்கறியும் சோறும் பொட்டலமாக இருந்தன.

"நீ வரேன்னதும் போஸ்கிட்ட லீவு கேட்டுட்டேன்கா. ஞாயித்துக்கெழமைதான் எனக்கு ஓவர்டைம் கெடைக்கும். பரவால்ல லா."

பேசிக்கொண்டே இருந்தான். சாயம் ஊற்றினதைப் பற்றி, அம்மாவைப் பற்றி, தைப்பூசத்துக்குப் பத்துமலையில் கூட்டத்தில் என்னைத் தூரத்தில் பார்த்துவிட்டுக் கிட்ட வராமல் நின்றதைப் பற்றி. "ஒரு நாளு நீயே வருவேன்னு எனக்குத் தெரியும்கா" என்றான். என் கைப்பை மடியில் இருந்தது. உள்ளே பாரம். அவன் மூச்சு விடுகிற இடத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தபின் எடுத்தேன்.

"ஒரு பாரத்துல உன் விவரம் வேணும்."

"என்ன பாரம்?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன், லீடர் வேலை போனதுவரை. அவன் பாரத்தை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினான். அவன் காதுமடல் சிவந்தது. சின்ன வயதில் அப்பாவிடம் அடிவாங்குவதற்கு முன்னால் அப்படித்தான் சிவக்கும்.

"இதுக்குத்தான் வந்தியா?"

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினேன். அவன் திரும்பவும் கேட்கவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பேனா வாங்கினான். பெரிய எழுத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, பெயர், முகவரி, வேலை, முதலாளி பெயர் என்று வரிசையாக எழுதினான். ஓர் இடத்தில் பேனா நின்றது. கடன் ஏதாவது நிலுவையில் உண்டா என்ற கேள்வி.

"இருக்குக்கா. பழசுதான், இன்னும் கொஞ்சம். மாசாமாசம் வந்து வாங்கிட்டுப் போறானுங்க. எழுதவா?"

என்னைப் பார்த்தான். எழுது என்று நான் சொல்லியிருக்கலாம். எழுதாதே என்றும் சொல்லியிருக்கலாம். ஒர்க்ஷாப்பில் யாரோ மோட்டாரை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதைக் கேட்கிற மாதிரி வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் புரிந்துகொண்டான். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். கடிதமும் எழுதித் தந்தான். என் அக்கா நேர்மையானவர், நடந்த தவறு அனைத்தும் என்னுடையது என்று மலாயில் இரண்டு பிழையோடு எழுதியிருந்தான்.

மறுநாளே அனுப்பினேன். நான் எழுதின முதல் பாரத்தில் ஒரு பொய்கூடக் கிடையாது. அதற்குத் தகுதியில்லை என்றார்கள். இரண்டாவது பாரத்தில் ஒரே ஒரு பொய் இருந்தது. அதற்கும் இரண்டு மாதம் கழித்து அதே பதில்தான் வந்தது. அந்தப் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார்களா, அல்லது எடுத்துக்கூடப் பார்க்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குள் புத்ராஜெயாவில் வேலை ஆரம்பித்திருந்தது. திட்டம் என் தலையில் இருந்ததால் முதலாளி என்னையும் வேனில் கூட்டிக்கொண்டு போவார். மற்றவர்கள் பாஸ் மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். நான் கார் நிறுத்துமிடத்தில் வேனுக்குள் கணினியோடு இருப்பேன். உள்ளே கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. புது லீடர் வரவேற்பறைக்கு வெளியே வந்து அங்கிருக்கும் போனிலிருந்து கூப்பிடுவான்.

"அக்கா, மூணாவது அலமாரி, மேலேருந்து ரெண்டாவது. நீலமா, மஞ்சளா?"

"மஞ்சள்."

"அதுக்குக் கீழ?"

"காலியா வுடு. அத நான் பின்னால சேக்கறதுக்கு வெச்சிருக்கேன்."

அப்படி ஒரு நாளில் அவன் நான்காவது தடவை கூப்பிட்டு வைத்த கையோடு மறுபடி போன் அடித்தது. அவன்தான் என்று எடுத்தேன். தம்பி.

"அக்கா, ரிசல்ட் வந்துச்சா? நான் தெனம் நெனச்சிக்கிட்டே இருந்தேன். கேக்கலாமா வேணாமான்னு…"

"வந்துச்சு. கெடைக்கல."

"ஏன்கா? எல்லாம் எழுதினோமே."

வெயிலில் வேன் கொதித்துக்கொண்டிருந்தது. ஏசி போட்டால் பெட்ரோல் தீரும் என்று நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன். முதுகு நனைந்து இருக்கையோடு ஒட்டியிருந்தது.

"உன்னாலதான்" என்றேன்.

"அக்கா…"

"உன்னாலதான்டா. எல்லாமே. போன வையி."

அவன் வைத்துவிட்டான். எனக்கு யாரும் சொல்லாத காரணத்தை நான் அவனுக்குச் சொன்னேன், எனக்கே உறுதியாகத் தெரியாத ஒன்றை, எழுதி முத்திரை குத்தின மாதிரி. அந்த அதிகாரிகள் யாரும் என்னிடம் அவ்வளவு குரூரமாகப் பேசவில்லை. தண்ணீர் போத்தலை நகர்த்தி வைத்து, கேட்பதைக் கேட்டுவிட்டு, வழியனுப்பினார்கள்.

அன்றைக்கே திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டும். மறுநாள் கூப்பிடலாம் என்று விட்டேன். மறுநாள் வேலை. ஒரு மாதம் போல ஆனபின் கூப்பிட்டேன். நம்பர் பயன்பாட்டில் இல்லை என்று பதிவுசெய்த குரல் மூன்று மொழியில் சொன்னது. சித்திக்கும் புது நம்பர் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பாருக்குப் போனேன். இந்தத் தடவை கைப்பையில் பாரம் எதுவும் இல்லை. ஒர்க்ஷாப் முதலாளி கையில் கிரீஸோடு எழுந்து வந்தார்.

"அவரா? காலி பண்ணிட்டுப் போயிட்டாரு ஆன்டி. நீங்க யாரு, பணம் வாங்க வந்தீங்களா?"

"இல்ல" என்றேன். அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை.

"நாலஞ்சு பேரு இப்படித்தான் கேட்டு வந்துட்டாங்க, அதான் கேட்டேன். எங்க போறேன்னு சொல்லல."

அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. வேறு யாரோ ஒரு பையன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். நான் ரோட்டுக்கு நடந்து வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.